இதயப்புழு மருந்தை முதல் தடவை கொடுக்கப் போகிறீர்களா? பக்க விளைவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு

பினாங்கில் நாய் வளர்க்கும் நம்மவர்களிடம் இதயப்புழு மருந்தைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வரும் கேள்வி, "கொடுத்தா ஏதாவது ஆகிடுமா?" என்பதுதான். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய குரல் பதிவு, பக்கத்துத் தாமானில் மாத்திரை சாப்பிட்ட மறுநாள் வலிப்பு வந்த நாய், இப்படி ஏதோ ஒன்று மனதில் உட்கார்ந்துகொள்ளும், காசு கொடுத்து வாங்கிய பெட்டி பிரிக்கப்படாமல் அலமாரியிலேயே கிடக்கும். இந்தப் பயத்தில் தப்பு எதுவும் கிடையாது. பக்க விளைவு உண்மையிலேயே உண்டு. ஆனால் என் காதுக்கு வரும் மோசமான கதைகளைக் கொஞ்சம் துருவிக் கேட்டால், டெஸ்ட் எடுக்காமல் தொடங்கியிருப்பார்கள், அளவு தப்பியிருக்கும், அல்லது அந்த நாய்க்குச் சேராத மருந்தைக் கொடுத்திருப்பார்கள். இந்த மூன்றையும் நம்மால் தடுக்க முடியும். அதற்கான வழியைத்தான் வரிசையாக எழுதுகிறேன்.

மருந்து உடம்புக்குள் என்ன செய்கிறது

இது தெரியாமல் பக்க விளைவைப் புரிந்துகொள்ள முடியாது, அதனால் இரண்டு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். இதயப்புழு கொசுவால் பரவுகிறது. நோயுள்ள நாயைக் கடித்த கொசு நம் நாயைக் கடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத இளம்புழுக்கள் தோலுக்குள் போகின்றன. சுமார் இரண்டு மாதம் தோலுக்கடியிலும் தசையிலும் வளர்ந்து, பிறகு ரத்தத்தில் ஏறி, நுரையீரலுக்குப் போகும் ரத்தக் குழாய்களில் போய்க் குடியேறும். ஆறு ஏழு மாதத்தில் முழுசாக வளர்ந்துவிடும். வளர்ந்த பெண் புழு 25 சென்டிமீட்டருக்கு மேல்கூட இருக்கும், நாயின் உடம்பில் ஐந்து முதல் ஏழு வருடம் உயிரோடு இருக்கும்.

மாதாமாதம் கொடுக்கும் மருந்து கொசுவை விரட்டாது. வரப்போகும் மாதத்துக்குக் காவலாகவும் நிற்காது. கடந்த ஒரு மாதத்தில் உள்ளே வந்த இளம்புழுக்களைக் கொல்வதுதான் அதன் வேலை. அவை கொஞ்சம் வளர்ந்துவிட்டால் இந்த மருந்தை நம்ப முடியாது, தேதி தவறக்கூடாது என்பது இதனால்தான். நம் ஊரில் குளிர்காலம் கிடையாது, வருடம் முழுக்கக் கொசு உண்டு, பதினாலாவது மாடியில் இருக்கும் பூடில் குட்டியையும் அது கடிக்கும். ஆகவே மழைக்காலத்துக்கு மட்டும் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள்.

பூண்டு கொடுத்தால் போதும், வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டினால் போதும் என்று சொல்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். பாட்டி சொன்னது என்பதால் மறுத்துப் பேசவும் மனம் வராது. இரண்டுமே உடம்புக்குள் போன இளம்புழுவை ஒன்றும் செய்யாது, பூண்டு நாயின் ரத்தச் சிவப்பணுக்களையே சேதப்படுத்தக்கூடியது. அப்புறம் இன்னொன்று, கடையில் வாங்கும் சாதாரணக் குடற்புழு மாத்திரை வேறு, இது வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு இதயப்புழுவுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டதாக நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படி 1: முதலில் ரத்தப் பரிசோதனை

ஏழு மாதம் தாண்டிய நாய் என்றால், அதுவும் தெருவிலிருந்தோ காப்பகத்திலிருந்தோ வந்த நாய் என்றால், டெஸ்ட் எடுக்காமல் மருந்தைத் தொடாதீர்கள். ஏற்கெனவே புழு இருக்கும் நாயின் ரத்தத்தில், வளர்ந்த புழுக்கள் ஈன்ற நுண்புழுக்கள் ஆயிரக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கலாம். சில மருந்துகள், முக்கியமாக மில்பெமைசின், அவற்றை வேகமாகக் கொன்றுவிடும். ஒரேயடியாக அத்தனையும் செத்தால் நாயின் உடம்பு அதிர்ந்துபோகும், வாந்தி, மூச்சிரைப்பு, சில நேரம் மயக்கம்வரை போகும். பார்க்கிறவர்களுக்கு அது மருந்தின் பக்க விளைவாகத்தான் தெரியும், உண்மையில் அது ஏற்கெனவே இருந்த நோயின் விளைவு.

கிளினிக்கில் கொஞ்சம் ரத்தம் எடுத்து டெஸ்ட் கிட்டில் விட்டால் சில நிமிடங்களில் முடிவு வந்துவிடும். அந்தக் கிட் வளர்ந்த பெண் புழுவின் புரதத்தைத்தான் கண்டுபிடிக்கும், ஆகவே போன மாதம் கடித்த கொசுவைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை எடுக்கச் சொன்னால் காசு பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள். எட்டு வாரக் குட்டிக்கு இந்தத் தொல்லை கிடையாது, டாக்டரிடம் கேட்டுவிட்டு நேராகத் தொடங்கலாம்.

படி 2: எடை

கண்ணால் பார்த்து "ஒரு பத்துக் கிலோ இருக்கும்" என்று சொல்வது போதாது. நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டு எடைமெஷினில் ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துப் பாருங்கள். தூக்க முடியாத நாய் என்றால் கிளினிக்கில் பெரிய எடைமெஷின் இருக்கும், நிறுத்துக்கொள்ளலாம். பெட்டியில் போட்டிருக்கும் எடை வரம்புக்குள் நாய் இருக்க வேண்டும். பெரிய நாய்க்கான மாத்திரையை வாங்கிப் பாதியாக உடைத்து இரண்டு சின்ன நாய்களுக்குக் கொடுப்பது மிச்சம்போலத் தெரியும், ஆனால் மருந்து மாத்திரை முழுக்கச் சமமாகப் பரவியிருக்கும் என்று சொல்ல முடியாது. வளரும் குட்டியை மாதாமாதம் எடை பாருங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், மனம் கேட்கவில்லை. எஸ்டேட் பக்கங்களில் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி மருந்தையே நாய்க்கும் சொறிக்கும் உண்ணிக்கும் இதயப்புழுவுக்கும் என்று போடும் பழக்கம் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். இதயப்புழுத் தடுப்புக்கு ஐவர்மெக்டின் கிலோவுக்கு 6 மைக்ரோகிராம் போதும், பத்துக் கிலோ நாய்க்கு 60 மைக்ரோகிராம். மாட்டுக்கான 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லிக்கு 10,000 மைக்ரோகிராம் இருக்கிறது. சிரிஞ்சில் அரை மில்லி இழுத்தால் 5,000. தேவையைப்போல எண்பது மடங்குக்கு மேல். வீட்டில் இருக்கும் எந்தச் சிரிஞ்சாலும் 60 மைக்ரோகிராமை அளந்து எடுக்க முடியாது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள்.

படி 3: உங்கள் நாய்க்கு எது சேரும்

கோலி, ஷெட்லாண்ட் ஷீப்டாக், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் மாதிரி மந்தை நாய்களில் பலவற்றுக்கும், ஜெர்மன் ஷெப்பர்ட் சிலவற்றுக்கும், எம்டிஆர்1 என்ற மரபணுவில் ஒரு குறை இருக்கும். 2001-ல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இதைக் கண்டுபிடித்தார்கள். சாதாரணமாக மூளைக்குள் போகாமல் தடுத்து வெளியே தள்ளப்படும் மருந்து இந்த நாய்களில் உள்ளே தங்கிவிடும். "கோலிக்கு ஐவர்மெக்டின் ஆகாது" என்ற பேச்சு இங்கிருந்துதான் வந்தது. பேச்சு பாதி சரி. சொறிக்குக் கொடுக்கும் பெரிய அளவு இந்த நாய்களுக்கு ஆகவே ஆகாது. இதயப்புழுத் தடுப்புக்கான சின்ன அளவை இவையும் தாங்கிக்கொள்ளும். இருந்தாலும் உங்கள் நாய் இந்த இனம் என்றாலோ, கலப்பு என்றாலோ, டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

வலிப்பு வந்த நாயா? அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். உண்ணி, தெள்ளுப்பூச்சி, இதயப்புழு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே மாத்திரை என்று வரும் நெக்ஸ்கார்டு ஸ்பெக்ட்ரா, சிம்பாரிக்கா ட்ரியோ போன்றவற்றில் உண்ணிக்காக ஐசோக்சசோலின் வகை மருந்து இருக்கிறது. இந்த வகையால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-ல் எச்சரித்தது. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. வலிப்பு வரலாறு உள்ள நாய்க்கு ஏன் அந்தப் பக்கம் போக வேண்டும், இதயப்புழுவுக்கு மட்டும் தனியாக மருந்து கேட்டு வாங்கலாம்.

சுவைக்காகச் சேர்ப்பதையும் பாருங்கள். ஹார்ட்கார்ட் மாதிரி மெல்லும் மாத்திரையில் மாட்டிறைச்சி இருக்கிறது. மாட்டிறைச்சி ஒத்துக்கொள்ளாத நாய்க்கு அரிப்பும் வயிற்றுப்போக்கும் வந்தால் பழி மருந்தின் மேல் விழும். வீட்டுக்குள் மாட்டிறைச்சி வேண்டாம் என்று இருக்கும் குடும்பங்களும் நம்மில் நிறைய. ரெவல்யூஷன், அட்வகேட் போலக் கழுத்துக்குப் பின்னால் தோலில் விடும் மருந்து இருக்கிறது, கூச்சப்படாமல் கேளுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஊசி வசதிதான், மறந்துபோகும் கவலை இருக்காது. ஆனால் போட்ட ஊசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆறு மாத ஊசி ஒன்றைப் பக்க விளைவுப் புகார்களால் அமெரிக்கச் சந்தையிலிருந்து 2004-ல் திரும்பப் பெற்று, 2008-ல் கட்டுப்பாடுகளோடு மறுபடி விட்டார்கள். இப்போதும் பல நாய்கள் ஊசியால் நன்றாகவே இருக்கின்றன, இருந்தாலும் பயத்தோடு தொடங்குகிறவர்கள் முதல் சில மாதம் மாதாந்திர மருந்தில் பழகிவிட்டு ஊசிக்குப் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் பெட்டியை நம்பி வாங்காதீர்கள், கிளினிக்கிலேயே வாங்குங்கள்.

படி 4: நாளைத் தேர்ந்தெடுப்பது

சனிக்கிழமை காலை நல்ல நேரம். நீங்களும் வீட்டில் இருப்பீர்கள், கிளினிக்கும் திறந்திருக்கும். தடுப்பூசி போட்ட அன்று, புது உணவு மாற்றிய வாரம், புதுச் சோப்பு போட்டுக் குளிப்பாட்டிய நாள் இதெல்லாம் வேண்டாம், ஏதாவது வந்தால் எதனால் வந்தது என்றே தெரியாமல் போய்விடும். தீபாவளி சமயமும் வேண்டாம். பட்டாசுச் சத்தத்துக்கு நாய் நடுங்கும், எச்சில் வடிக்கும், சாப்பிடாது, நரம்புப் பாதிப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கும். பினாங்குக்காரர்கள் தைப்பூசத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மலைப் பக்கம் வீடு என்றால் அன்றைக்கு அவசரத்துக்குக் காரை வெளியே எடுப்பதே கஷ்டம்.

படி 5: கொடுப்பது

வயிறு காலியாக இருக்கும்போது கொடுத்தால் வாந்திக்கு வாய்ப்பு அதிகம், சாப்பாட்டோடு கொடுங்கள். கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். சில நாய்கள் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, நாம் திரும்பியதும் சோபாவுக்கு அடியில் துப்பிவிடும். வாயைத் திறந்து நாக்குக்குக் கீழேயும் கடைவாய்ப் பக்கமும் பாருங்கள். தோலில் விடும் மருந்து என்றால் நாக்கு எட்டாத இடமாக, தோள்பட்டைகளுக்கு நடுவில், முடியை இரண்டு பக்கமும் விலக்கித் தோல் தெரிந்த பிறகு விடுங்கள். காயும்வரை இன்னொரு நாயை நக்க விடாதீர்கள். அட்வகேட்டில் இருக்கும் மாக்சிடெக்டின் வாய்வழி உள்ளே போவது, அதுவும் கோலி வகைகளுக்கு, ஆபத்து.

படி 6: அன்றும் மறுநாளும் கவனிப்பது

ஒரு வேளை வாந்தி, இளகிய மலம், சாப்பாட்டில் ஆர்வம் குறைவது, சுருண்டு படுத்துத் தூங்குவது, மருந்து விட்ட இடத்தில் லேசான அரிப்பு. இவை வரக்கூடியவை, ஒரு நாளில் சரியாகிவிடும். தண்ணீர் குடிக்கிறதா என்று பாருங்கள். மறுநாளும் தொடர்ந்தால் போன் செய்யுங்கள். கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வாந்தியெடுத்து அதில் மாத்திரை தெரிந்தால், நீங்களாக இன்னொன்று கொடுக்காமல் கிளினிக்கைக் கேளுங்கள், மருந்துக்கு மருந்து பதில் மாறும்.

முகம், உதடு, கண் இமை வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சுத் திணறல் என்றால் அது ஒவ்வாமை. பெரும்பாலும் சில நிமிடத்திலிருந்து சில மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். குடித்தவர்போலத் தள்ளாடுவது, கண்ணின் கருவிழி பெரிதாக விரிந்து கிடப்பது, சுவரில் முட்டுவது, நிற்காமல் எச்சில், நடுக்கம், வலிப்பு என்றால் நரம்பைத் தொட்டுவிட்டது. இந்த இரண்டு வகையிலும் காத்திருக்காதீர்கள். ஈறைப் பாருங்கள்: மேலுதட்டைத் தூக்கி, விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் இளஞ்சிவப்பாகத் திரும்ப வேண்டும். திரும்பவில்லை, அல்லது ஈறே வெளுத்திருக்கிறது என்றால் உடனே வண்டியை எடுங்கள். மருந்துப் பெட்டியையும் கையோடு எடுத்துப் போங்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், எடை எவ்வளவு என்று சொல்லுங்கள். வாந்தியெடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அந்த உப்பே நாயைக் கொன்றுவிடும். இரவில் எந்த கிளினிக் திறந்திருக்கும் என்பதை மருந்து கொடுப்பதற்கு முன்பே விசாரித்து, எண்ணைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 7: ஒத்துக்கொள்ளவில்லை என்றால்

நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் முடிவு, எனக்கு அதுதான் மிகவும் வருத்தம். வளர்ந்த புழுவுக்கான சிகிச்சை மெலர்சோமின் என்ற ஆர்சனிக் கலந்த ஊசி. முதுகுத் தசையில் ஆழமாகப் போடுவார்கள். அதன் பிறகு பல வாரம் நாயை ஓடவும் குதிக்கவும் விடாமல் கூண்டிலோ கயிற்றிலோ வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் செத்த புழுத் துண்டுகள் நுரையீரல் ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளலாம். மாதாந்திர மருந்தின் வாந்தியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்ன மருந்து, என்ன தேதி, எத்தனை மணி நேரத்தில் என்ன வந்தது என்று எழுதி, முடிந்தால் வீடியோவும் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையிலிருந்து தோலில் விடும் மருந்துக்கோ, ஒரு மருந்துப் பொருளிலிருந்து இன்னொன்றுக்கோ மாற்றித் தருவார்.

தேதி தவறிவிட்டதா? ஒரு சில நாள்தான் என்றால் நினைவு வந்த உடனே கொடுத்துவிட்டு அந்தத் தேதியிலிருந்து மாதத்தைக் கணக்கிடுங்கள். இரண்டு டோஸ் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் முதலில் கிளினிக்குக்குப் பேசுங்கள். மறுபடி தொடங்கச் சொல்லி, ஆறு மாதம் கழித்து டெஸ்டுக்கும் ஒரு தேதி கொடுப்பார்கள், அதை அங்கேயே நின்று போன் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.