15ஆம் நாள் கை எப்படி இருக்கும்? ஜெல் நகத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் ஒரு மேசை, ஒரு விளக்கு, இரண்டு நாற்காலி. அவ்வளவுதான் என் கடை. வருகிறவர்களில் பாதிப் பேர் தோட்டத்தில் பிறந்து தமான் எனும் வீடமைப்புப் பகுதிக்குக் குடிவந்தவர்கள். மற்றவர்கள் இன்னமும் செம்பனைத் தோட்டத்து வீடுகளிலிருந்து மோட்டாரில் வருகிறவர்கள். உட்கார்ந்ததும் போனை நீட்டுவார்கள். "அக்கா, இதே மாதிரி போட்டு விடுங்க." போனில் இருப்பது, நகம் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் எடுத்த படம். பக்கத்தில் ஒரு ரோஜாப்பூ இருக்கும். அந்தக் கை நெத்திலி கிள்ளியிருக்காது, சாம்பார் பிசைந்திருக்காது.

நான் திருப்பிக் கேட்பது, 15ஆம் நாள் இது எப்படி இருக்கும் என்பதுதான். விளக்கொளியில் இறுகும் ஜெல் நகப்பூச்சு இரண்டு மூன்று வாரம் நிற்கும். கைவிரல் நகமோ மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். இரண்டு வாரத்தில் தோலை ஒட்டிய அடிப்பக்கத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி விழுந்துவிடும். முழு நகத்துக்கும் கருஞ்சிவப்பு போட்டிருந்தால் அந்த இடைவெளி பளிச்சென்று பிறை மாதிரி தெரியும். அன்றாடத்துக்குப் போடுகிறவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். வடிவத்தை நகத்தின் அடியில் வைக்காமல் நுனிக்குத் தள்ளிவிட்டால் பிரச்சினையே இல்லை. தோல் நிறத்தையொட்டிய அடிநிறம் போட்டு, நுனியில் நூல் அளவுக்கு ஒரு கோடு. அல்லது நுனியில் அடர்த்தியாகத் தொடங்கி நடுநகத்துக்குள் கரைந்துபோகும் மினுமினுப்பு. இரண்டும் மூன்றாவது வாரத்திலும் போட்ட அன்றுபோலவே இருக்கும். அடர்நிறம்தான் வேண்டுமென்றால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் பத்து நாளில் எடுக்க நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போடுங்கள்.

தோல் நிறம் என்றேன். அதிலேயே ஒரு குழி இருக்கிறது. குப்பியில் 'நியூட்' என்று எழுதி வருவதில் பாதி வெள்ளைத்தோலை மனத்தில் வைத்துக் கலக்கியது. நம் கையில் போட்டால் சுண்ணாம்பு தொட்ட விரல் மாதிரி நகம் மட்டும் வெளுத்து நிற்கும். நம்முடைய நியூட், பால் கலந்த தே தாரிக் நிறத்தில் தொடங்கி பாலில்லாத கோப்பி ஓ வரைக்கும் போகிறது. குப்பியைப் பார்த்து முடிவு செய்யாமல், மாதிரி நகத்தை விரல்மேல் வைத்து, வெளியே வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அடர்நிறம் எடுபடாது என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். கத்தரிக்காய் ஊதா, செம்பு, கடுகு மஞ்சள், கரும்பச்சை எல்லாம் நம் கையில் ஏறும் அழகு வெளுத்த கையில் ஏறாது.

அப்புறம் மஞ்சள். கையால் சாப்பிடுகிற நமக்கு இதை எந்த வெளிநாட்டு வீடியோவும் சொல்லாது. என் அண்ணன் மகளின் சடங்குக்கு எனக்கே பால்வெள்ளையில், பளபளப்பில்லாத மேட் டாப் கோட், அதாவது கடைசி மேற்பூச்சு, போட்டுக்கொண்டேன். மதியம் வாழை இலையில் ஆட்டுக்கறிப் பிரட்டல். சாயந்திரம் வலதுகை ஐந்து நகமும் மஞ்சள், இடதுகை ஐந்தும் வெள்ளை. படத்திலெல்லாம் ஒரு கையைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டுதான் நிற்கிறேன். மேட் பூச்சில் கறை சீக்கிரம் ஏறும், பளபளப்பான பூச்சில் அந்த அளவு ஏறாது. ஏறிவிட்டால் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் உடனே துடையுங்கள். மிச்சம் மீதி வெயில் படப்பட மங்கும், ஏனென்றால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது. விருந்து உள்ள வாரத்தில் வெள்ளை போடாமலிருப்பது இதையெல்லாம்விடச் சுலபம்.

நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் துருவுகிற, பூண்டு உரிக்கிற கைக்கு விரல் நுனியை ஒட்டிய உருண்டை வடிவம் போதும். நகத்தை நெம்புகோலாக்கி மைலோ டின் மூடியைத் திறக்காதீர்கள். மருத்துவமனையிலோ சாப்பாட்டுக் கடையிலோ வேலை என்றால் கைக்குப் போடவே வேண்டாம். நோயாளிகளைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் வைக்கக்கூடாது, சொந்த நகமும் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. கால் நகம் இருக்கிறதே, அதில் ஆசை தீரப் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண விஷயத்தில்தான் நான் அதிகம் சண்டை போடுவேன். மணப்பெண்கள் செய்கிற பெரிய தவறு, வரிசையைக் குழப்புவது. மூன்று நாளைக்கு முன்பே ஜெல் போட்டுக்கொண்டு, அதன்மேல் மருதாணி வைத்து, அதற்கும்மேல் நலங்கில் மஞ்சளும் எண்ணெயும் பூசிக்கொண்டு, முகூர்த்தத்தன்று காலை அழுதுகொண்டே போன் செய்கிறார்கள். சரியான வரிசை இது. முதலில் பழைய ஜெல்லை எடுத்து, நகத்தை வெட்டித் திருத்தி விடுவது. இதில் ஜெல்லைக் கரைக்கும் அசிட்டோன் புழங்கும், அது தோலை உலர்த்தும், மருதாணியையும் மங்கச் செய்யும். அதனால் இதை மருதாணிக்குப் பிறகு செய்யவே கூடாது. அடுத்து மருதாணி. அதன் நிறம் முழுதாக ஏற ஒன்றிரண்டு நாள் ஆகும். பிறகு நலங்கு. வெறும் நகத்தில் மஞ்சளோ மருதாணியோ ஏறினால் கவலை இல்லை, மேலே நிறம் வரப்போகிறது. கடைசியாகத்தான் ஜெல். அதற்கு முன் எண்ணெய்ப்பசை போக ஆல்கஹாலால் துடைத்தே ஆக வேண்டும். எண்ணெய் இருந்த இடத்தில் ஜெல் ஒட்டாது. தலைக்கு எண்ணெய் தேய்த்த கையோடு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன். நகத்தைத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு உடனே ஜெல் போடுவதும் தப்பு. நகம் தண்ணீர் குடித்து விரியும், காய்ந்ததும் சுருங்கும், மேலே இருக்கும் ஜெல் ஓரத்தில் தூக்கிக்கொள்ளும்.

நிறத்தில் இன்னொரு கணக்கு. நம்மூர்க் கல்யாணத்தில் காலையில் கோவிலில் கூறைப்புடவை, இரவு மண்டபத்தில் டின்னருக்கு வேறு உடை. கூறையின் அரக்குக்குப் பொருந்த நகம் போட்டால் இரவு நீல லெஹங்காவோடு அது மல்லுக்கு நிற்கும். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது ஜரிகைதான். பொன், செம்பு, ரோஜாப் பொன் இந்த மூன்றுக்குள் அடிநிறத்தை வைத்துக்கொண்டால் காலையும் தப்பும், இரவும் தப்பும். காந்தத்தால் இழுத்து வரிவரியாக ஒளி வரவைக்கும் கேட் ஐ ஜெல் மண்டப விளக்கில் அற்புதமாக இருக்கும். பகல் வெளிச்சத்தில் அதே நகம் அடக்கமாகத் தெரியும். கண்ணாடி மாதிரி மின்னும் குரோம் பொடியும் அழகுதான், ஆனால் நுனியில் சீக்கிரம் தேயும். டின்னருக்குச் சரி, தேனிலவு முடிந்து மாமியார் வீட்டுச் சமையலறை வரைக்கும் வராது.

புடவைக் கரையை அப்படியே நகத்தில் இறக்கச் சொல்வார்கள். மோதிர விரல் நகத்தின் அகலம் சுமார் ஒரு சென்டிமீட்டர். அதில் நான் முக்கால் மணி நேரம் உயிரைக் கொடுத்து ஒரு மயில் வரைந்தேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்த பெண்ணின் அம்மா, "ஏம்மா, நகத்துல என்ன அடிபட்டிருச்சா?" என்று கேட்டார். அன்றிலிருந்து மயில் கிடையாது. கரையிலிருந்து ஒரே ஒரு சங்கதியை எடுங்கள். கோபுர முக்கோணம், அல்லது ஒற்றைக் கோடு, அல்லது கோலப்புள்ளி போல நான்கு பொட்டு. அதையும் ஒரு விரலில், மிஞ்சிப்போனால் இரண்டு விரலில். கல் பதிப்பதானால் நகத்தின் அடிப்பக்கத்தில் தட்டையான கல்லாகப் பதியுங்கள். நுனியில் எழும்பி நிற்கிற கல் பட்டு நூலை இழுக்கும், பூச்சரத்தைப் பிடிக்கும், மாப்பிள்ளை கையில் மோதிரம் போடும்போது கீறும்.

கால் நகத்தை மறப்பதுதான் எனக்குத் தாங்காத தவறு. அம்மி மிதித்து மெட்டி போடும்போது படக்காரர் தரையில் படுத்துக்கொண்டு கிட்டத்தில் எடுப்பது எதை? கால்விரலைத்தானே! கைக்கு அவ்வளவு செலவு செய்துவிட்டு, காலில் மூன்று மாதத்துக்கு முந்தைய நீலம் பாதி உரிந்து நிற்கும். கால் நகம் கைநகத்தின் பாதி வேகத்தில்தான் வளரும். ஒரு தடவை போட்டால் மறுவீடு, விருந்து எல்லாம் முடிந்த பிறகும் நிற்கும்.

வளைகாப்புக்கு வருகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது பிரசவத் தேதியை. ஒன்பதாம் மாதத்தில் போட்ட ஜெல் பிரசவ அறை வரைக்கும் போகும். அங்கே விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி நகத்தின் வழியே ஒளி அனுப்பித்தான் அளக்கிறது, அடர்நிறம் குறுக்கே நின்றால் அளவு பிசகலாம். அறுவைச் சிகிச்சைக்கு முன் எடுக்கச் சொல்வது இதனால்தான். அவசரத்தில் ஜெல்லை எடுக்க அங்கே யாருக்கு நேரம்? வெளிர்நிறமாகப் போட்டு, தேதிக்கு முன்பே வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, வீட்டிலேயே போட்டுக்கொள்கிறவர்கள். ஐந்தாம் படிவத்து எஸ்பிஎம் பரீட்சை முடிந்த கையோடு பெண்பிள்ளைகள் இணையத்தில் ஒரு பெட்டி வாங்கிவிடுகிறார்கள். குட்டி விளக்கு, ஆறு குப்பி, இரண்டு தூரிகை. நானும் அப்படித்தான் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். மூன்றாவது மாதம் விரல் நுனியெல்லாம் அரிப்பு, தோல் வெடிப்பு. சபுன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் ஜெல்தான்.

சாதாரண நகச்சாயம் காற்றில் காயும், ஜெல் அப்படிக் காய்வதில்லை. விளக்கின் ஒளி பட்டு அதிலுள்ள அக்ரிலேட் பொருள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு இறுகுகின்றன. பல் மருத்துவர் அடைப்பு வைத்து நீலவிளக்குக் காட்டுகிறாரே, அதே குடும்பத்து வேதியியல்தான். முழுதாக இறுகிய ஜெல் பெரும்பாலும் சாது. இறுகாத ஜெல் தோலில் திரும்பத் திரும்பப் பட்டால்தான் ஒவ்வாமை வரும். முக்கியக் குற்றவாளி ஹேமா (HEMA) என்கிற அக்ரிலேட் பொருள். ஒருமுறை உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டால் ஆயுளுக்கும் விடாது. பிற்காலத்தில் பல் சிகிச்சையில் பயன்படும் சில பசைகளும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். பிரிட்டனின் தோல் மருத்துவர் சங்கம் 2018இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கொண்டுவந்த விதிப்படி, ஹேமா உள்ள நகப்பூச்சைத் தொழில் செய்கிறவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம். ஜெல்லை இறுக வைக்கும் டிபிஓ (TPO) என்ற இன்னொரு பொருளுக்கு அங்கே 2025 செப்டம்பர் 1 முதல் தடையே வந்துவிட்டது.

ஆகவே வீட்டில் போட்டால் சில பழக்கங்களை விட வேண்டும். ஒரே பூச்சில் முடிக்க வேண்டுமென்று கெட்டியாகப் பூசாதீர்கள். மேலே இறுகி உள்ளே பச்சையாகவே நிற்கும். கறுப்பும் வெள்ளையும் ஒளியை உள்ளே விடாத நிறங்கள், அவற்றை இன்னும் மெல்லியதாக இரண்டு மூன்று தடவையாகப் பூச வேண்டும். விளக்குக்குள் விரலை வைத்ததும் சுருக்கென்று சுட்டால் பூச்சு தடிமன் என்று அர்த்தம். ஓரத் தோலில் வழிந்ததை விளக்கில் வைப்பதற்கு முன்பே குச்சியால் வழித்துவிடுங்கள். முடிந்தபின் மேலே பிசுபிசுப்பாக நிற்பதை விரலால் தடவிப் பார்க்காதீர்கள், ஆல்கஹாலால் துடைத்து எடுங்கள். எந்தக் கம்பெனி ஜெல்லோ அதற்கென்று சொல்லப்பட்ட விளக்கையே பயன்படுத்துங்கள். பெட்டிமேல் 48 வாட் என்று போட்டிருப்பதை நம்பிப் பயனில்லை, அது விளக்கு எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதைத்தான் சொல்லும். நம் நாட்டில் முறைப்படி அறிவிக்கப்பட்ட அழகுப் பொருளுக்கு, மருந்துகளையும் அழகுப் பொருள்களையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) தரும் எண் ஒன்று உண்டு. என்-ஓ-டி (NOT) என்ற எழுத்துகளில் தொடங்கும். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் வாங்கும் குப்பியில் அதைத் தேடிப் பாருங்கள்.

விளக்கால் புற்றுநோய் வருமா என்று கேட்பார்கள். 2023இல் கலிஃபோர்னியாவில் ஓர் ஆய்வு, இந்த விளக்கொளி பட்ட செல்கள் சேதமாவதைக் காட்டியது. ஆனால் அது ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்களில் செய்தது, ஆட்கள் கையில் அல்ல. நான் பயந்து தொழிலை விடவில்லை, அலட்சியமாகவும் இல்லை. புறங்கையில் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீன் பூசிக்கொள்ளச் சொல்கிறேன், அல்லது விரல் நுனி வெட்டிய கையுறை தருகிறேன். சன்ஸ்கிரீன் நகத்தில் பட்டால் ஜெல் ஒட்டாது என்பதையும் பூசும்போது நினைவில் வையுங்கள்.

ஓரம் தூக்கிக்கொண்ட ஜெல்லைப் பசை வைத்து ஒட்டுவது, மேலே இன்னொரு பூச்சுப் போட்டு மறைப்பது இரண்டும் வேண்டாம். நம் ஊர்ப் புழுக்கத்தில், பாத்திரம் கழுவும் கையில், அந்தச் சந்துக்குள் ஈரம் தங்கி நகம் பச்சையாக மாறும். அது கறை அல்ல, பாக்டீரியா. ஜெல்லை எடுத்துவிட்டு கிளினிக்கில் காட்டுங்கள். ஓரத்தோலை ஆழமாக வெட்டினாலும் இதே கதைதான், நகச்சுத்தி தேடி வரும்.

எடுப்பதில்தான் எல்லாருக்கும் அவசரம். என் அம்மா பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டியவர். வேலை முடிந்து லயத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, விரலில் காய்ந்த ரப்பர் பாலைச் சுருட்டிச் சுருட்டி உரிப்பார். முழுசாக வந்துவிடும், தோலுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டு, பஸ்ஸில் போகும்போது ஜெல்லை அதே மாதிரி உரித்தேன். ஜெல்லோடு நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்தது. வெள்ளைத் திட்டு விழுந்த, காகிதம் மாதிரி வளையும் நகம் முழுதாக வளர்ந்து வெளியேற ஆறு மாதம் ஆனது.

சரியாக எடுக்க, மேற்பூச்சை நகம் தேய்க்கும் ஃபைலால் லேசாகத் தேய்த்து, சுற்றுத் தோலில் வாசலின் தடவி, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தில் வைத்து அலுமினியத் தாளால் சுற்றுங்கள். அடுப்புப் பக்கம் போகாதீர்கள், அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். 15 நிமிடம் கழித்துப் பிரித்தால் ஜெல் தானாகப் பொரிந்து நிற்கும், மரக்குச்சியால் தள்ளினால் போதும். தள்ளியும் வராததைச் சுரண்டாமல் இன்னும் ஐந்து நிமிடம் சுற்றி வையுங்கள். பத்து விரலிலும் தாள் சுற்றி உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் போன் அடிக்கும், மூக்கும் அரிக்கும். என் கடையில் போனை நான் எடுத்துக் காதில் வைப்பேன். மூக்கு உங்கள் பாடு.