போட் மோட்டார் பீப் அடிச்சா முதல்ல என்ன பாக்கணும்

கடல்ல போயிட்டிருக்கும்போது அவுட்போர்டு (போட்டுக்குப் பின்னாடி மாட்டுற மோட்டார்) விடாம கத்துதா, ஸ்பீடும் தானா இறங்குதா, உடனே ஆக்சிலேட்டர குறைச்சு நியூட்ரலுக்கு வாங்க. பெரும்பாலான ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்ல இது ரெண்டே விஷயத்துக்குத்தான், ஒண்ணு ஹீட்டு, இன்னொண்ணு ஆயில் பிரஷர்.

மொதல்ல பின்னாடி பீச்சுற தண்ணிய பாருங்க. வரலைன்னா இல்ல நூல் மாதிரி வந்தா மோட்டார ஆஃப் பண்ணி தூக்கிடுங்க, அடியில தண்ணி இழுக்குற ஓட்டைய பாலிதீன் கவரோ கிழிஞ்ச வலையோ மூடியிருக்கும், நம்ம கரையோரம் இதான் ஜாஸ்தி. அது சுத்தமா இருந்தா தண்ணி பீச்சுற வாய்க்குள்ள தடிச்ச தங்கூசிய (நைலான் தூண்டில் நரம்பு) விட்டு குத்திப் பாருங்க, மண்ணும் உப்பும் அடைச்சிருக்கும். அப்பவும் வரலைன்னா இம்பெல்லர் (தண்ணி இழுக்குற பம்புக்குள்ள சுத்துறது) றெக்கை போயிருக்கும், கரைக்கு வந்துதான் மாத்தணும். தண்ணி நல்லா பீச்சியும் சூடாகுதுன்னா தெர்மோஸ்டாட்ட (சூட்டுக்கு ஏத்த மாதிரி தண்ணிய விடுற வால்வு) செக் பண்ணுங்க.

தண்ணி சரியா இருக்கா, அப்ப ஆயில். மோட்டார நேரா நிறுத்தி கொஞ்சம் ஆறவிட்டு ஆயில் அளவு பாக்குற குச்சிய துடைச்சு மறுபடி விட்டு எடுங்க, குறைஞ்சிருந்தா ஊத்துங்க, ஆனா பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தா உள்ள தண்ணி போயிருச்சு, தயவுசெஞ்சு ஸ்டார்ட் பண்ணாதீங்க. லெவல் சரியா இருந்தும் ஆயில் லைட் எரியுதுன்னாலும் ஓட்டாதீங்க, இன்ஜின் ஜாம் ஆயிடும், இன்னொரு போட்ட கூப்பிட்டு கட்டி இழுத்துட்டு வாங்க.

விட்டு விட்டு கத்துனா சில மாடல்ல பெட்ரோல் ஃபில்டர்ல தண்ணின்னு அர்த்தம், ஃபில்டர் கப்ப கழட்டி தண்ணிய கொட்டிட்டு மாட்டுங்க.