தனியாகக் காரில் கொல்லிமலை: முதல்முறை ஏறுபவர்களுக்கு

கார் ஓட்டப் பழகி ஒரு வருடம் ஆகியிருக்கும். நெடுஞ்சாலையில் பயம் போய்விட்டது. ஆனால் மலை ஏற்றியதில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை. இந்தப் பதிவு அப்படிப்பட்டவர்களுக்கு.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைத்தான் முதலில் ஏறச் சொல்வேன். காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள். கேட்டாலே வயிற்றைக் கலக்கும் எண்தான். ஆனால் வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை இருப்பதால், இன்னும் எத்தனை பாக்கி என்று எப்போதும் தெரியும். பத்து வளைவுக்குள் கை பழகிவிடும், மீதி அறுபதும் பயிற்சி. மேலே போய்விட்டால் அருவியும் காட்சிமுனைகளும் ஒரே நாளில் பார்த்துத் திரும்பும் தூரத்தில்தான் இருக்கின்றன.

வழக்கமாக ‘படி 1, படி 2’ என்று எழுதுவேன். இங்கே அருவிக்கே ஆயிரம் படி இருப்பதால் வெறும் எண்ணோடு நிறுத்திக்கொள்கிறேன்.

1. இறங்கும் நேரத்தை முதலில் குறியுங்கள்

முதல்முறை போகிறவர்கள் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்றுதான் யோசிப்பார்கள். அதை விடுங்கள். மாலை 4 மணிக்கு மலையிலிருந்து இறங்கத் தொடங்கிவிட வேண்டும், அதை மட்டும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். 6 மணிக்கெல்லாம் மலையில் இருட்டத் தொடங்கிவிடும். எதிர்வண்டியின் ஹெட்லைட் கண்ணைக் கூசும்போது வளைவின் விளிம்பைத் தேடுவது புதியவருக்கு வேண்டாத வேலை.

அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். காட்சிமுனைகளுக்கு இரண்டு மணி நேரம், சாப்பாட்டுக்கு ஒன்று, அருவிக்கு மூன்று, செம்மேட்டிலிருந்து அருவி வரை போய்வர ஒன்று, ஏறுவதற்கு ஒன்றேகால், நடுவில் டிபன், நாமக்கல்லிலிருந்து அடிவாரம் வரும் நேரம். எல்லாம் கூட்டினால் காலை 6 மணிக்கு நாமக்கல்லை விட்டுக் கிளம்பியாக வேண்டும் என்று வரும். வெளியூர்க்காரர்கள் முந்தின இரவே நாமக்கல்லில் தங்கிவிடுவது நல்லது.

எந்த மாதம்? வடகிழக்கு மழை கொட்டும் நாட்களில் அருவிப் பக்கம் விடமாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் மெலிந்துவிடும். மழை ஓய்ந்த டிசம்பர் கடைசியும் ஜனவரியும் என் தேர்வு. ஆடிப் பதினெட்டை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கும். திருவிழாவாகப் பார்க்க அருமை, மலையோட்டம் பழக ஏற்ற நாள் கிடையாது.

2. முந்தின நாள்

டயர் காற்று, ஸ்டெப்னி, கூலன்ட், பிரேக் ஆயில் பாருங்கள். பெட்ரோலை சேந்தமங்கலம் தாண்டுவதற்குள் நிரப்பிவிடுங்கள். மேலே சிக்னல் வரும், போகும். அதனால் மேப்பை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள், சில்லறையும் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவருக்கு “ஐந்தரைக்கு அடிவாரத்திலிருந்து கூப்பிடுகிறேன்” என்று நேரத்தைக் குறித்துச் சொல்லிவிடுங்கள். “சாயங்காலம் பேசுறேன்” என்று பொதுவாகச் சொன்னால் யாரும் கணக்கு வைக்கமாட்டார்கள்.

3. ஏற்றம்

காரவள்ளியில் ஐந்து நிமிடம் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு ஏறுங்கள். ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்குங்கள். சின்ன என்ஜினுக்கு மூச்சு கொஞ்சம் மிச்சமாகும் என்பது ஒரு காரணம். மேலிருந்து இறங்கி வரும் பஸ்ஸின் ஹாரன் காதில் விழும் என்பது அதைவிடப் பெரிய காரணம். பாட்டு வேண்டாம்.

வளைவு கண்ணில் பட்டதும், அதற்குள் நுழையும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பாதி வளைவில் கிளட்சை மிதித்துக் கியர் தேடினால் வண்டி திணறி நின்றுவிடும். வலப்பக்கம் திரும்பும் வளைவில் நாம் வெளிவட்டத்தில் போவோம். இடம் அகலம், ஏற்றமும் குறைவு, இரண்டாம் கியரே போதும். இடப்பக்கம் திரும்பும் வளைவில் நமக்கு உள்வட்டம். அங்கே சாலை திடீரென்று செங்குத்தாகத் தூக்கும், ஸ்டீயரிங்கையும் முழுக்க ஒடிக்க வேண்டும். யோசிக்காமல் முதல் கியர் போடுங்கள். இந்த வித்தியாசத்தை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் நான்கு இடத்தில் என்ஜின் நின்றிருக்காது.

நின்றுவிட்டால் பதற வேண்டாம். ஹேண்ட்பிரேக்கை இழுங்கள், முதல் கியர் போடுங்கள், ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் மிதித்துக் கிளட்சை மெல்ல விடுங்கள். வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும்போது ஹேண்ட்பிரேக்கை எடுத்தால் பின்னால் உருளாது. ஏறுவதற்கு முன்பே சமவெளியில் ஏதாவது பாலத்தின் சரிவில் இதைப் பத்து முறை செய்து பார்த்துவிடுங்கள்.

குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். சட்டமும் அதுதான், மலைவழக்கமும் அதுதான். ஆனால் பஸ் திரும்ப முழு வளைவும் வேண்டும். மேலே பஸ் தெரிந்தால் வளைவுக்கு முன்பே இடது ஓரமாக நின்றுவிடுங்கள். பின்னால் யாராவது ஹாரன் அடித்துத் துரத்தினால் அகலமான இடம் பார்த்து ஒதுங்கிப் போகவிடுங்கள். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

4. செம்மேடு

வளைவுகள் முடிந்து சோளக்காடு தாண்டினால் செம்மேடு. இட்லி, டீ எல்லாம் இங்கே. குதிரைமேல் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன், இந்த மலையை ஆண்டவன். ஒரே அம்பில் யானையில் தொடங்கி உடும்பு வரை ஐந்து விலங்குகளைத் துளைத்தானாம். மலையமான் காரி என்ற குறுநில மன்னன் அவனைக் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்த கதையை, 70 வளைவு ஏறி வந்த கையோடு நினைத்துப் பார்த்தால் காரியின் படையின்மேல் தனி மரியாதை வருகிறது.

5. அருவி, காலையிலேயே

ஆகாய கங்கை அருவிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் பக்கமாக இறங்க வேண்டும். காலில் தெம்பு இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள், பல இடங்களில் செங்குத்து. இறங்கும்போது சுலபமாகத்தான் இருக்கும், அதில் ஏமாந்துவிடாதீர்கள். இறங்க அரை மணி என்றால் ஏற ஒரு மணி வையுங்கள். பிற்பகலில் நுழைவை நிறுத்திவிடுவார்கள், இது இன்னொரு காரணம். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் மாசிலா அருவியோடு நிறுத்திக்கொள்ளலாம். உயரம் கம்மி, நடையும் கம்மி.

கீழே போனதும் ஐயாறு என்ற ஆறு சுமார் 300 அடியிலிருந்து விழுகிறது. சாரல் தூரத்திலேயே முகத்தில் அடிக்கும். இதே தண்ணீர்தான் அந்தப் பக்கம் இறங்கித் திருச்சி மாவட்டத்துப் புளியஞ்சோலைக்குப் போகிறது.

தனியாக வருகிறவருக்கு இங்கே ஒரு விசேஷச் சிக்கல்: குளிக்கும்போது கார் சாவி, போன், பணத்தை யாரிடம் கொடுப்பது? ரிமோட் சாவி நனைந்தால் திரும்பும் வழி அடைபட்டுப்போகும். தண்ணீர் புகாத பை ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். துணிப்பையைப் பாறையில் வைத்தால் குரங்கு எடுத்துப் பார்க்காமல் விடாது. மற்றவர்கள் குளிக்கும் இடத்தைத் தாண்டிப் போக வேண்டாம். பாசி பிடித்த பாறையில் சறுக்கினால் கூப்பிடப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். நீர் திடீரென்று கலங்கலாக வந்தால் உடனே வெளியே வாருங்கள், மேலே எங்கோ மழை.

ஏறும்போது நூறு படிக்கு ஒரு முறை உட்காருங்கள். மேலே வந்ததும் முடவாட்டுக்கால் சூப் விற்பார்கள். ஆட்டுக்கால் போல ரோமம் மூடிய கிழங்கில் செய்வது, சுத்த சைவம். மூட்டு வலிக்கு நல்லது என்று விற்கிறவர் சொல்வார். ஆயிரம் படி ஏறி வந்த தொண்டைக்கு அதன் மிளகுக் காரமே போதும். கோயில் பக்கம் ஐயாற்றில் மீன்களுக்குப் பொரி போடுவார்கள், ஐந்து நிமிடம் நிற்கலாம்.

6. காட்சிமுனைகள்

குளிர்மாதங்களில் காலை நேரம் பள்ளத்தில் பனி மூடிக் கிடக்கும். ஆகவே இவற்றை மதியத்துக்கு மேல் வையுங்கள். சீக்குப்பாறை, சேளூர் இரண்டும் போதும். ஒன்றுதான் முடியுமென்றால் சீக்குப்பாறை. வாழையும் மிளகுக்கொடியும் பலாவுமாக இருக்கும் சாலை திடீரென்று முடிந்து, கீழே சமவெளி கட்டம் கட்டமாக விரியும். விளிம்பில் நின்று செல்ஃபி எடுக்காதீர்கள். பத்தடி தள்ளி உட்கார்ந்தாலும் அதே காட்சிதான்.

மணி மூன்றரை ஆனால், எந்த இடம் பாக்கி இருந்தாலும் கிளம்பிவிடுங்கள். சோளக்காட்டில் மலைவாழையும் மிளகும் வாங்க கால் மணி போகும்.

7. இறக்கம்

முதல்முறை இங்கேதான் நான் சொதப்பினேன். ஏறியாயிற்று, இனி என்ன என்ற மிதப்பில் மூன்றாம் கியரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினேன். பாதி வளைவு தாண்டுவதற்குள் தீய்ந்த வாடை. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போயிற்று. ஓரமாக நிறுத்தினால் முன்சக்கரத்திலிருந்து புகை. பின்னால் பலாப்பழம் ஏற்றி வந்த வண்டிக்காரர் இறங்கி வந்து பார்த்துவிட்டு, “தம்பி, எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க” என்றார். அரை மணி நேரம் ஆறவிட்டுத்தான் எடுத்தேன்.

அவர் சொன்னதேதான் விதி. இரண்டாம் கியரில், செங்குத்தான இடத்தில் முதல் கியரில், என்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கட்டும். வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, குறைந்ததும் முழுசாக விட்டுவிடுங்கள். லேசாகக் காலை வைத்துக்கொண்டே வந்தால்தான் சூடு ஏறும். ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதோ என்ஜினை அணைப்பதோ கூடவே கூடாது. என்ஜின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் போய்விடும், பிரேக்கும் இரண்டு மிதியில் கல்லாகிவிடும்.

இருபது வளைவுக்கு ஒரு முறை அகலமான இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்துங்கள். எதிரே ஏறி வருகிறவர்களில் காலையில் உங்களைப் போலத் திணறுகிறவர் யாராவது இருப்பார், அவருக்கு நின்று வழிவிடுங்கள். காரவள்ளி வந்ததும் வண்டியைக் கியரில் நிறுத்தி, வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு, ஒரு டீ.