ஸ்பெயினில் மதம் மாறியவர்கள்: எழுத வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினைப் பற்றிப் புதிதாக எழுதுகிறவர்களின் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கிறேன். ஆண்டு, பெயர் பிழைகள் போகப்போகச் சரியாகிவிடும். கீழே உள்ளவை ஆளோடு ஒட்டிக்கொள்பவை.

இன்குவிசிஷன் யூதர்களை விசாரித்தது என்று எழுதுவது

இன்குவிசிஷன் என்பது கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து வழுவியவர்களை விசாரித்த திருச்சபை நீதிமன்றம். அதன் அதிகாரம் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மேல்தான்; மதம் மாறாத யூதர்கள் மேல் இல்லை.

கான்வர்சோவையும் மொரிஸ்கோவையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது

கான்வர்சோ என்றால் கிறிஸ்தவரான யூதரும் அவர் வாரிசும்; மொரிஸ்கோ என்றால் கிறிஸ்தவரான முஸ்லிமும் அவர் வாரிசும். 1391 கலவரத்தில் மதம் மாறிய யூதர்களின் வாரிசுகள் நகரசபையிலும் திருச்சபையிலும் பதவிக்கு வந்தார்கள். 1449-இல் தொலேதோவில் அவர்களைப் பதவியிலிருந்து விலக்க 'இரத்தத் தூய்மை' விதி வந்தது. வலென்சியாவின் மொரிஸ்கோக்களோ பெரும்பாலும் பிரபுக்களின் நிலத்தில் உழைத்த குடியானவர்கள்.

இன்குவிசிஷனின் வழக்கேட்டை அப்படியே நம்புவது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். சமீபத்தில் வந்த ஒரு கட்டுரையில், ஒரு பெண் சனிக்கிழமை வெளுத்த துணி உடுத்தினாள், பன்றிக் கொழுப்பை விட்டு எண்ணெயில் சமைத்தாள், ஆகவே இரகசிய யூதர் என்று ஒரே மூச்சில் முடித்திருந்தார்கள். இந்த அடையாளங்கள் எங்கிருந்து வந்தன? விசுவாச அறிவிக்கை என்று ஒன்றைத் தேவாலயத்தில் எல்லாரும் கேட்க வாசிப்பார்கள். சனிக்கிழமை சுத்தமான துணி, அன்று மூட்டாத அடுப்பு, தொடாத பன்றி இறைச்சி என்று வரிசையாக அதில் வரும். தெரிந்தும் சொல்லாதவர்களுக்குச் சபைநீக்கம். இதைக் கேட்டுவிட்டுத் திரும்பும் வேலைக்காரிக்கு எசமானியின் சட்டி பானைகூடச் சந்தேகம் தரும். அப்புறம் அவள் சொன்னதை எழுத்தர் எழுதுவார். சாட்சி யார் என்று கைதிக்குச் சொல்ல மாட்டார்கள்; தன் பகைவர்கள் யார் யார் என்று ஊகித்துத்தான் அவர் பட்டியல் கொடுக்க வேண்டும். பல வழக்குகளில் ஒரே வாசகம் வந்தால், அது பல வீட்டு வழக்கமா, ஒரே அறிவிக்கையின் எதிரொலியா என்று கேளுங்கள். கேட்காவிட்டால் அந்தப் பெண்ணுக்கு நாமும் ஒரு தீர்ப்பு எழுதுகிறோம்.

பழக்கம் வேறு, மதம் வேறு என்று அன்றே ஒருவர் வாதாடினார். 1567-இல் மொரிஸ்கோக்களின் அரபு மொழிக்கும் உடைக்கும் குளியல்கூடங்களுக்கும் தடை வந்தபோது, கிரனாடாவின் மொரிஸ்கோ முதியவர் பிரான்சிஸ்கோ நூன்யெஸ் மூலெய் மனு கொடுத்தார்: உடை ஊருக்கு ஊர் மாறும், கிழக்கே கிறிஸ்தவர்களே அரபு பேசுகிறார்கள். மனு எடுபடவில்லை. 1568 முடிவதற்குள் அல்புஹாராஸ் மலையில் கலகம் வெடித்தது.

அதற்காக வழக்கேட்டைத் தூக்கி எறியவும் வேண்டாம். இரகசியமாக நோன்பிருந்தவர்கள் உண்டு. விசாரணையாளர் கை படாத சான்றோடு ஒத்துப் பாருங்கள். 1884-இல் அல்மொனாசித் தே லா சியெரா என்ற ஊரில், பழைய வீடு ஒன்றில் ஒளித்து வைத்த மொரிஸ்கோ ஏடுகள் கிடைத்தன. பலவும் ஸ்பானிய மொழியை அரபு எழுத்தில் எழுதியவை.

கதையை 1492-இல் முடிப்பது

1492-இல் யூதர்களை வெளியேற்றியதோடு கதை முடியவில்லை. மொரிஸ்கோக்களை நாடு கடத்தியது 1609 முதல் 1614 வரை. சுமார் 3 லட்சம் பேர்.