டால்மேஷன் வளர்க்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நுவரெலியா, ஹட்டன் பக்கம் டால்மேஷன் நாய்க்குட்டி வாங்குகிற பலரும் புள்ளிக்கு மயங்கித்தான் வாங்குகிறார்கள். அப்புறம் கேட்டுக்குப் பக்கத்தில் சங்கிலியில் கட்டிப்போட்டு, "சும்மா சும்மா குரைக்குது, செருப்பைக் கடிக்குது" என்று குறைப்படுகிறார்கள். குதிரை வண்டிகளோடு கூடவே ஓடிப் பழகிய இனம் இது. எட்டடிச் சங்கிலியில் அடங்கிக் கிடந்தால்தான் ஆச்சரியம். காலையிலும் பின்னேரமும் நன்றாக மூச்சு வாங்கும்வரை ஓட வேண்டும். மழையென்று இரண்டு நாள் விட்டால், மூன்றாம் நாள் கதிரைக் கால் மிஞ்சாது.

இதைவிட மோசமான தவறு சாப்பாட்டில் நடக்கிறது. நாய்க்கென்று தனிச் சட்டி வைத்து, சோற்றோடு கோழி ஈரலோ நெத்தலிக் கருவாடோ போட்டு அவிப்பது நம் வீடுகளில் வழக்கம். நாட்டு நாய் தாங்கிக்கொள்ளும், டால்மேஷன் தாங்காது. மற்ற நாய்களின் உடல் யூரிக் அமிலத்தைத் தண்ணீரில் எளிதில் கரைகிற வேறொரு பொருளாக மாற்றி வெளியேற்றிவிடும். இதற்குப் பிறவியிலேயே உள்ள மரபணுக் குறையால் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. யூரிக் அமிலம் அப்படியே சிறுநீரில் இறங்கிக் கல்லாகப் படியலாம். ஈரல், நெத்தலி, சாளை, டின் மீன் எல்லாம் அதைக் கூட்டுபவை. அவற்றை விட்டு முட்டை, கரட், பூசணி, அளவாகக் கோழி இறைச்சி போடுங்கள். குளிருக்கு நாய் தண்ணீர் குறைவாகத்தான் குடிக்கும், அதனால் சோற்றைக் கஞ்சிப் பதத்தில் கரைத்துக் கொடுங்கள். ஆண் நாய் நெடுநேரம் காலைத் தூக்கி நின்றும் சொட்டுச் சொட்டாகத்தான் போகிறது என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாழைத்தண்டுச் சாறு வைத்தியமும் வேண்டாம். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய போதனா வைத்தியசாலையும் இருக்கிறது.

கூப்பிட்டால் வராத குட்டியை அடிப்பவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. பிறவியிலேயே ஒரு காதோ இரண்டுமோ கேட்காமல் போவது இந்த இனத்தில் சகஜம். குட்டி தூங்கும்போது பின்னால் நின்று, தரை அதிராமல் சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். காது கேட்காதென்றால் கைச்சாடையில் பழக்கலாம், நன்றாகவே கற்றுக்கொள்ளும்.

ஓடட்டும் என்று தேயிலை மலையில் அவிழ்த்து விடுவதும் சரியில்லை. காட்டுப்பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி இருக்கலாம், சிறுத்தையும் நாயைத் தூக்கும். நீளக் கயிறு நல்லது. திரும்பியதும் விரலிடுக்கில் அட்டை பாருங்கள். வெள்ளை முடியில் இரத்தக்கறை உடனே தெரியும். ஓடையில் தண்ணீர் குடித்த நாய் பிறகு விடாமல் தும்மி, மூக்கில் இரத்தம் கசிந்தால், அட்டை உள்ளே ஏறியிருக்கக்கூடும்.

கட்டை முடி என்பதால் குளிர் நேராக உறைக்கும். சீமெந்துத் தரையில் படுக்க விடாமல், பலகைக்கு மேல் காய்ந்த சாக்கு விரித்துக் கொடுங்கள். முடி கொட்டுவதை நிறுத்த மட்டும் வழியில்லை. வருஷம் பூராவும் கொட்டி, சுவெட்டரில் ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு நிற்கும்.