தோட்டத்தில் பொதுக் கட்டடம்: பிரதேச சபைக்கு விண்ணப்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையகத்தில் பல தோட்டங்களில் பாதியில் நின்றுபோன பொதுக் கட்டடம் ஒன்றைப் பார்க்கலாம். அத்திவாரம் போட்டிருப்பார்கள், தூண் கம்பிகள் துருவேறி நிற்கும், நடுவில் மானாப்புல் வளர்ந்திருக்கும். சனசமூக நிலையமாகவோ வாசிகசாலையாகவோ முன்பள்ளியாகவோ வந்திருக்க வேண்டிய இடம். கேட்டால் காசு முடிந்துவிட்டது என்பார்கள். இன்னும் கொஞ்சம் விசாரித்தால், காணிக் கடிதமோ சபையின் அனுமதியோ கைக்கு வருமுன்னே வேலை தொடங்கிய கதை வெளியே வரும். கொழுந்து பறித்த சம்பளத்தில் வீட்டுக்கு வீடு சேர்த்த பணம் அப்படி மண்ணுக்குள் கிடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

காணியில்தான் பெரிய பிழை நடக்கிறது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனபோது காணி விற்கப்படவில்லை. குத்தகைக்குத்தான் கொடுக்கப்பட்டது. பெரும்பாலான தோட்டங்களில் உரிமை இன்னும் ஜனவசம என்கிற மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையிடமோ அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமோதான் இருக்கிறது. ஆகவே தோட்டத்துத் துரை, அதாவது தோட்ட முகாமையாளர், “சரி, கட்டிக்கொள்ளுங்கள்” என்று வாயால் சொல்வது அனுமதி ஆகாது. துரை மாற்றலாகிப் போவார், அடுத்து வருபவருக்கு அந்தப் பேச்சு தெரியாது. கம்பனியின் எழுத்து மூலக் கடிதம், காணி உரிமையுள்ள நிறுவனத்தின் சம்மதம், நில அளவையாளர் வரைந்த வரைபடம் ஆகிய மூன்றும் கையில் இருக்க வேண்டும். எத்தனை பேர்ச், எல்லை எது, என்ன தேவைக்கு, யார் பெயரில் என்பதெல்லாம் கடிதத்தில் தெளிவாக இருக்கட்டும். விண்ணப்பத்தைச் சங்கத் தலைவரின் சொந்தப் பெயரில் போடாதீர்கள். பதிவு செய்த சங்கத்தின் பெயரில் போடுங்கள். தலைவர் தொழிற்சங்கம் மாறினால் கட்டடமும் சேர்ந்து மாறிவிடும் நிலை வரக்கூடாது.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை செலவு செய்வதற்கு நீண்ட காலம் தடையாக இருந்தது. 2018இல் அது திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிக்கப்பட்டு, அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா சபைகள் உருவாயின. இவை நம்முடைய நீண்ட காலக் கோரிக்கைகள், பெரிய விஷயம்தான். ஆனால் சபை செலவு செய்யலாம் என்பதால் காணி சபையுடையதாகிவிடாது.

பிரதேச சபையையும் பிரதேச செயலகத்தையும் ஒன்றாக நினைத்து அலைபவர்களும் நிறையப் பேர். கட்டட விண்ணப்பம் போக வேண்டியது சபைக்கு. கிராம உத்தியோகத்தர், அரச காணி விவகாரங்கள் செயலகத்துப் பக்கம்.

அடுத்தது, உறுப்பினரின் வாக்குறுதியையும் சபைத் தீர்மானத்தையும் அனுமதி என்று எடுத்துக்கொள்வது. கூட்டத்தில் ஒரு உறுப்பினர் பிரேரணை கொண்டுவருகிறார், எல்லோரும் ஆதரிக்கிறார்கள், மறுநாள் தோட்டத்தில் பட்டாசு வெடிக்கிறது. அந்தத் தீர்மானத்தின் பொருள் சபைக்கு விருப்பம் இருக்கிறது என்பது மட்டும்தான். வரைபடத்தைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் பார்க்க வேண்டும், பொதுச் சுகாதார பரிசோதகர் இடத்துக்கு வர வேண்டும், திட்டமிடல் குழு முடிவெடுக்க வேண்டும், அப்புறம்தான் அனுமதிப் பத்திரம். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே தேர்தல் வரை உறுப்பினர்களே இல்லாமல் செயலாளர்கள்தான் சபைகளை நடத்தினார்கள். ஒரு உறுப்பினரின் பேச்சை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அப்போது கேட்க ஆள் இல்லை. கோப்பு சரியாக இருந்தால் யார் கதிரையில் இருந்தாலும் அதை எடுத்துப் பேசலாம்.

மலைச்சரிவு விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைச் சும்மா ஒரு தாளாக நினைக்காதீர்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி காலையில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மேல் மலை இறங்கியது. அந்த இடத்துக்கு முன்னரே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. பொதுக் கட்டடத்துக்குத் தோட்டத்தில் கிடைப்பது பெரும்பாலும் தேயிலை வைக்க முடியாத மூலைக் காணிதான். அங்கே தட்டையான இடம் வேண்டும் என்று பின்பக்க மண்மேட்டை நேர்குத்தாக வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டி, அதன் மேலேயே அத்திவாரம் எழுப்புகிறார்கள். மேலிருந்து வரும் மழைநீருக்குக் கான் இல்லை. முதல் பெருமழையில் தண்ணீர் வெட்டிய மண்ணுக்குள் இறங்குகிறது. தரையில் மெல்லிய வெடிப்பு தெரியும், கதவு நிலையோடு உரசும், மேலே நிற்கும் மரம் சாயத் தொடங்கும். அந்தக் கட்டடத்துக்குள் முன்பள்ளிப் பிள்ளைகள் உட்காரப் போகிறார்கள் என்பதை மட்டும் நினைத்துப் பாருங்கள். அறிக்கை வந்த பிறகு வரைபடம் கீறுங்கள். மண் தாங்கும் சுவரும் கானும் முதல் மதிப்பீட்டிலேயே இருக்கட்டும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதற்குக் காசு மிஞ்சாது.

மலசலகூடக் குழி, குடிதண்ணீர் ஊற்றுக்கு மேல்பக்கம் வரக்கூடாது. இது தெரிந்த விஷயம்தான், ஆனாலும் வரைபடத்தில் ஊற்றைக் குறிக்காமல் விட்டுவிடுகிறார்கள். பிரதான வீதியோரக் காணி என்றால், உதாரணமாக ஹட்டன் வழியாகப் போகும் ஏ-7 வீதியோரம் என்றால், வீதி அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்கோட்டையும் பார்க்க வேண்டும்.

விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பற்றுச்சீட்டை யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் போட்டுவிட்டு மறந்துவிடுவதும் நடக்கிறது. கொடுத்த எல்லாவற்றுக்கும் பிரதி எடுத்து, திகதி முத்திரை வாங்கி, ஒரே கோப்பில் வையுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள், அது உங்கள் உரிமை. நிராகரித்தால் வாயால் சொன்ன காரணத்தோடு திரும்பி வராதீர்கள், எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பியுங்கள். அவர் 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். காரணம் கையில் கிடைத்தால் பாதிப் பிரச்சினை வரைபடத்தைத் திருத்துவதிலேயே தீர்ந்துவிடும்.

கட்டி முடித்ததும் திறப்பு விழாவுக்கு ஆள் கூப்பிட ஓடாமல், அனுமதித்தபடியே கட்டியிருக்கிறது என்று சபை தரும் இணக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். அனுமதித்த வரைபடத்தில் இல்லாத ஓர் அறையை இடையில் சேர்த்திருந்தால் இங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். சேர்க்க வேண்டும் என்று தோன்றினால் சுவர் எழும்பும் முன்னரே திருத்திய வரைபடத்தைச் சபையில் கொடுத்துவிடுங்கள்.