துன்ப நாட்களில் ஆராதனை: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திங்கட்கிழமை காலை நுண்கடன் தவணைக்கு ஆள் வருவார் என்பதை அறிந்தவளாகவே ஞாயிறு ஆராதனைக்கு வந்து அமரும் ஒரு தாய், முதல் பாட்டு முடிவதற்குள் மூன்று முறையாவது அந்தத் தொகையை மனதுக்குள் கூட்டிப் பார்த்திருப்பாள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கரைவலை இழுப்பவர், மேற்கே படுவான்கரையில் பெரும்போக வேளாண்மையை வெள்ளத்துக்குக் கொடுத்தவர், மனைவியை மத்திய கிழக்குக்கு அனுப்பிவிட்டுப் பிள்ளைகளைத் தனியே வளர்ப்பவர் என, அவளைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களின் மனங்களிலும் ஏதோ ஒரு கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும். மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் இத்தகையவர்களோடு பல ஆண்டுகளாக ஜெபக்கூட்டங்களில் அமர்ந்தவன் நான். “தேவன் என்னோடு இல்லை” என்று ஒருவர் மனமுடைந்து சொல்லும்போது, பல வேளைகளில் அவருடைய கஷ்டத்தைவிட, ஆராதனையைப் பற்றி அவர் மனதில் நாமே பதித்துவிட்ட சில தவறான எண்ணங்களே அவரை அவ்விடத்துக்குத் தள்ளியிருப்பதைக் கண்டிருக்கிறேன்.

அவற்றுள் முதன்மையானது, துன்பத்தைச் செருப்போடு சேர்த்து ஆலய வாசலில் கழற்றி வைத்துவிட்டே உள்ளே வரவேண்டும் என்ற எண்ணம். “கவலைகளை எல்லாம் வெளியே விட்டுவிட்டு உற்சாகமாகத் துதியுங்கள்” என்று ஆராதனை நடத்துபவர் நல்ல நோக்கத்தோடுதான் சொல்கிறார். ஆனால் பிள்ளையின் சத்திரசிகிச்சைக்குப் பணம் தேடி அலைகிறவருக்கு அந்த வார்த்தை வேறு விதமாகக் கேட்கிறது. தன் உண்மையான நிலையோடு அங்கே நிற்பதற்குத் தனக்கு இடமில்லை என்று அவர் எண்ணிக்கொள்கிறார். உதடு பாட, உள்ளம் ஒதுங்கி நிற்கிறது.

வேதாகமத்தின் ஜெபப் புத்தகமாகிய சங்கீதங்கள் இந்த எண்ணத்துக்கு இடங்கொடுப்பதில்லை. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்களாகவே இருக்கின்றன. “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்று 13ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88ஆம் சங்கீதமோ கடைசி வசனம் வரையில் ஆறுதலான ஒரு சொல்லையும் கேளாமலே முடிந்துவிடுகிறது. இவற்றை இஸ்ரவேலர் தனியறையில் மறைவாக முணுமுணுக்கவில்லை. சபையாகக் கூடிப் பாடினார்கள். இயேசுவும் சிலுவையில், “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்” என்ற 22ஆம் சங்கீதத்தின் முதல் வரியைத்தான் உரத்த சத்தமாய்ச் சொன்னார். முறையிடுகிறவன் விசுவாசத்தை இழந்தவன் என்றால், இந்த வரிகள் வேதத்தில் இடம்பெற்றிருக்க முடியாது. முறைப்பாட்டைக் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவனே முறையிடுகிறான். ஆகையால் ஆராதனை நடத்துகிறவர்களிடம் என் வேண்டுகோள் இது: மாதத்தில் ஒரு ஞாயிறாவது புலம்பல் சங்கீதம் ஒன்றை முழுவதுமாக, அவசரமின்றி வாசியுங்கள், வாசித்த உடனே துள்ளல் பாட்டுக்குத் தாவாமல், சபையார் தங்கள் பாரங்களை மனதில் கொண்டுவர இரண்டு நிமிட அமைதியைக் கொடுங்கள்.

தேவனுடைய சமுகத்தை உணர்ச்சியால் அளப்பது அடுத்த தவறு. கண்ணீர் வந்தால் தேவன் வந்தார் என்றும், வராவிட்டால் தம்மில் ஏதோ குறை இருக்கிறது என்றும் பலர் முடிவு செய்துகொள்கிறார்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டினால் பிரசன்னமும் கூடும் என்பது போல நாமும் நடந்துகொள்கிறோம். ஓரேப் மலையில் எலியாவுக்கு முன்பாகப் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் கடந்துபோயின. அவற்றில் கர்த்தர் இருக்கவில்லை, அவற்றுக்குப் பின்பு ஒரு மெல்லிய சத்தம் உண்டாயிற்று என்று 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரம் கூறுகிறது. இந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் பலமுறை கேட்டிருப்போம். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். சாகவேண்டும் என்று கேட்டுச் சூரைச்செடியின் கீழ் படுத்த அந்தத் தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் கடிந்துரை எதுவும் கொண்டுவரவில்லை. சுட்ட அடையையும் தண்ணீரையும் கொண்டுவந்தான், உறங்கவிட்டான், மீண்டும் தட்டியெழுப்பி உண்ணச் சொன்னான். ஆடைத் தொழிற்சாலையில் நின்றபடியே நாள் முழுவதும் வேலை செய்துவிட்டு வரும் ஒரு பெண் இரவு ஜெபத்தில் கண்ணயர்ந்துபோனால், அவளுக்கு ஆவிக்குரிய குறைபாடு என்று சொல்வதற்கு முன், அவள் சாப்பிட்டாளா, போதுமான அளவு உறங்கினாளா என்று கேட்பதே வேதத்தின் ஒழுங்கு.

இதோடு நெருங்கிய தொடர்புடைய, உயிராபத்தான ஒரு தவறையும் இங்கே சொல்லியாக வேண்டும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வைத்தியசாலையில் கொடுக்கும் மருந்தை, விசுவாசத்தைக் காட்டுவதற்காக நிறுத்திவிட்டு உபவாசத்தில் அமர்கிறவர்கள் இருக்கிறார்கள். யாரும் இதைச் செய்யவேண்டாம். யாரும் இதை ஊக்குவிக்கவும் வேண்டாம். தீமோத்தேயுவின் வயிற்று நோவுக்குச் சிறிது திராட்சரசம் எடுக்கும்படி பவுல் கூறியதும் அக்கால மருத்துவ ஆலோசனைதான். ஜெபிக்கும் வாய் மாத்திரையையும் விழுங்கலாம்.

மூன்றாவதாக, ஆராதனையைப் பேரமாக்குவது. நேர்த்தி வைப்பதை நான் குறைகூறவில்லை. செப்டம்பர் திருவிழாவுக்கு ஆயித்தியமலை சதா சகாய மாதா திருத்தலத்தை நோக்கி நடந்துபோகும் கத்தோலிக்க மக்கள் தங்கள் வருத்தங்களைச் சுமந்துகொண்டே நடக்கிறார்கள். அந்த நடையே ஒரு ஜெபம் என்பதை மெதடிஸ்த சபையில் வளர்ந்த நானும் உணர்ந்திருக்கிறேன். சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், “இவ்வளவு கொடுத்தால் இவ்வளவு கிடைக்கும்” என்ற கணக்கு உள்ளே புகும்போதுதான். கடன் வாங்கிக் காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்று போதிக்கப்படுமானால், அப்போதனை ஏழையின் வீட்டை இரண்டு முறை கொள்ளையடிக்கிறது: முதலில் பணத்தை எடுக்கிறது, பலன் கிடைக்காதபோது விசுவாசத்தையும் எடுத்துக்கொள்கிறது.

வில்லியம் ஓல்ட் என்ற வெஸ்லியன் மிஷனரி 1814இல் மட்டக்களப்புக்கு வந்தபோது, அவருடைய மனைவி கப்பல் பயணத்திலேயே இறந்துபோயிருந்தார். வந்த இடத்தில் பள்ளி தொடங்கினார். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் அதுவே. மறுவருடம், 1815இல், நோயுற்று இங்கேயே மரித்தார். அர்ப்பணித்ததற்குப் பலனாகச் சுகமும் நீண்ட ஆயுளும் கிடைக்கும் என்ற கணக்கின்படி பார்த்தால் இந்த மனிதரின் வாழ்வு முழுத் தோல்வி. மெதடிஸ்த சபைகளில் புத்தாண்டின் தொடக்கத்தில் நாம் நடத்தும் உடன்படிக்கை ஆராதனையின் ஜெபம் இதனாலேயே எனக்கு முக்கியமாகப்படுகிறது. ஜோன் வெஸ்லி 1755இல் தொடங்கிவைத்த அந்த ஆராதனையில், நிறைவாயிருக்கவும் வெறுமையாயிருக்கவும், உழைக்கவும் பாடுபடவும் நம்மைத் தேவனுடைய கையில் ஒப்புக்கொடுக்கிறோம். பதிலுக்கு எதையும் கேட்காத அந்த ஜெபத்தை ஜனவரியில் ஒருமுறை வாசித்துவிட்டு மறந்துவிடாமல், தவணை கட்ட முடியாத மாதத்திலும் எடுத்து வாசிக்கலாம்.

பிறருடைய துன்பத்துக்கு நாம் விளக்கம் சொல்லும் பழக்கத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள். நாவலடியிலும் கல்லடியிலும் கடல் எடுத்துக்கொண்ட குடும்பங்களில் எஞ்சியவர்கள் நிவாரண முகாம்களில் இருந்தபோது, இரண்டு பிள்ளைகளை இழந்த ஒரு தாயிடம், “தேவ சித்தம், அம்மா” என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று நான் செய்தது தவறு என்று எனக்கு விளங்குவதற்குப் பல வருடங்கள் பிடித்தன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துச் சிறுபிள்ளைகளும் மாண்டபோது, மீண்டும் அதே விதமான விளக்கங்கள் ஆங்காங்கே எழுந்தன. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைக் குறித்து, அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களோ என்று கேட்டு, அப்படியல்ல என்று இயேசு தெளிவாக மறுத்திருக்கிறார் (லூக்கா 13). யோபுவின் நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் அதுதான் சரியானது, வாய் திறந்த பின்புதான் எல்லாம் பிழைத்தது. செத்த வீட்டுக்குப் போகும்போது ஒரு பிளாஸ்க் தேநீரோடு போய், கேட்டால் மட்டும் ஜெபித்து, மற்றபடி அருகில் இருந்துவிட்டு வருவதும் ஆராதனையின் ஒரு பகுதியே.

கஷ்ட காலத்தில் ஆலயத்துக்குப் போவதையே நிறுத்திவிடுவது நமது ஊர்களில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. யாரும் அதைத் தவறாகக்கூட எண்ணுவதில்லை. நல்ல சேலை இல்லை, காணிக்கைப் பை வரும்போது போட ஒன்றுமில்லை, கடன் கொடுத்தவர் அடுத்த வாங்கிலேயே அமர்ந்திருப்பார் என்ற கூச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, மூன்று வாரம் வராதவர் முப்பது வாரம் வராதவராகிறார். இதில் வராதவரைவிட இருக்கிறவர்களுக்கே பொறுப்பு அதிகம். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையில் கிடந்த மாதங்களில், ஒரு சிறிய சபை காணிக்கைப் பையை வரிசையாகக் கடத்துவதை விட்டுவிட்டு, வாசலருகே ஒரு பெட்டியை வைத்தது. போட முடிந்தவர் போட்டார். முடியாதவர் யார் கண்ணிலும் படாமல் கடந்துபோனார். சில குடும்பங்கள் திரும்பி வந்ததற்கு அந்தப் பெட்டியும் ஒரு காரணம் என்று நம்புகிறேன். வரமுடியாமல் தவிக்கிறவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பாட வராவிட்டால் பாடவேண்டாம், மற்றவர்கள் பாடுவதைக் கேட்டுக்கொண்டு கடைசி வாங்கில் அமர்ந்திருங்கள். நம்மால் விசுவாசிக்க முடியாத நாளில் நமக்காகச் சபை விசுவாசிக்கும். சபை என்ற ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

அயலவரோடு பகை வைத்துக்கொண்டு ஆராதிப்பதைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. பலிபீடத்தண்டையிலே காணிக்கையை வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5ஆம் அதிகாரத்தில் ஆண்டவரே சொல்லிவிட்டார். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இந்த மாகாணத்தில், அந்தக் கட்டளையின் எல்லை சபையின் மதிலோடு நின்றுவிடுவதில்லை.

இறுதியாக, தேவனை ஞாயிறு காலைக்குள் அடைத்துவைக்கும் தவறு. யாக்கோபு வீட்டைவிட்டு ஓடிய இரவில், வெட்டவெளியில் கல்லைத் தலையணையாக வைத்து உறங்கி விழித்தபோதுதான், “மெய்யாகவே கர்த்தர் இந்த ஸ்தலத்தில் இருக்கிறார், இதை நான் அறியாதிருந்தேன்” என்றான். வயல் காவலுக்குப் பரணில் இருப்பவருக்கும், விடியுமுன்னே தோணியை வாவியில் இறக்குபவருக்கும் முழங்காலில் நின்று ஒரு மணி நேரம் ஜெபிக்க வசதியில்லை. அவர்கள் ஞாயிறன்று கேட்ட சங்கீதத்திலிருந்து ஒரே ஒரு வரியை எடுத்து, துடுப்பு வலிக்கும் மூச்சோடு சேர்த்துச் சொல்லிப் பழகலாம். அன்றைய பிடிபாட்டையோ வெறும் வலையையோ பெயர் சொல்லித் தேவனிடம் கூறலாம். திபேரியா கடலில் இரவு முழுவதும் ஒன்றும் அகப்படாமல், விடியற்காலையில் அவர் சொற்படி வலை போட்டு மீன் பிடித்துக் கரைக்கு வந்த சீஷர்களுக்காக உயிர்த்த ஆண்டவர் கரிநெருப்பு மூட்டி, அதன்மேல் மீனும் வைத்து, அப்பமும் ஆயத்தமாக்கியிருந்தார். அவரிடம் மீன் இருந்தது. இருந்தும், “நீங்கள் இப்பொழுது பிடித்த மீன்களில் சிலவற்றைக் கொண்டுவாருங்கள்” என்றார்.